தலைக்கு மேல் ஒன்றுமில்லாத இடம்

மார்ச் 11

ஆஸ்பத்திரியின் இரண்டாவது லிஃப்டில் கதவு சிக்குகிறது என்று புகார். போய்ப் பார்த்தால் கதவு ஓடும் பள்ளத்தில் ஓர் ஊசி மூடி. இதற்கு இரண்டு நாளாகப் பெரிய ரிப்பேர் என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். எடுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் யாரோ ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். மலை. உச்சியில் வெள்ளை. வெள்ளைக்கு மேல் நீலம். நீலத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. பச்சிளங்குழந்தை வார்டுக்கு நிதி திரட்ட ஆகஸ்டில் மலையேற்றம், விருப்பமுள்ளவர்கள் ஐந்தாம் மாடிக்கு வரவும் என்று கீழே எழுதியிருந்தது.

இருபது வருடமாக மேலே போவதுதான் என் பிழைப்பு. லிஃப்ட் மெக்கானிக்குக்கு உயரம் என்ன புதுசா? ஆனால் எனக்கு மேலே எப்போதும் ஏதாவது இருந்திருக்கிறது. இரும்பு வடம், மோட்டார், கான்கிரீட், இருட்டு. அண்ணாந்து பார்த்தால் கண்ணில் கிரீஸ் சொட்டும். தலைக்கு மேல் ஒன்றுமே இல்லாத இடம் என்று ஒன்று உண்டா? அங்கே மனுஷர் போய் நிற்கலாமா? கதவு பாட்டுக்கு மூடித் திறந்துகொண்டிருக்க, நான் வாயைப் பிளந்து நின்றிருக்கிறேன். ஒரு நர்ஸ், "அக்கா, லிஃப்ட் ஓடுமா ஓடாதா?" என்று கேட்ட பிறகுதான் தன்னினைவு வந்தது.

ஐந்தாம் மாடிக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன். நாற்பத்து நாலு வயசு. புத்தி இருக்கா எனக்கு?

மார்ச் 12

அவரிடம் சொன்னேன். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. "மலையா? நீயா? நாலு படி ஏறினா முட்டி வலிக்குதுன்னு தைலம் தேய்க்கற!" பிறகு சிரித்தார். சிரித்த வாய் மூடுவதற்குள் தங்கைக்கு ஃபோன் போட்டுவிட்டார். இந்த வீட்டில் ஒரு சேதி அடுப்பு ஆறும் வரைக்குமாவது தங்குமா?

நாத்தனார் வந்து நின்றாள். நீச்சல் பயிற்சி கொடுக்கிறவள்; அவள் தோளைப் பார்த்தால் வாசலையே அடைத்துக்கொண்டு நிற்பது போல இருக்கும். "அண்ணி, நிஜமாவா?" என்றாள். "அது எம் பொண்ணு கெடந்த வார்டு. அதுக்காக நீங்க மலையேறுவீங்க, நான் கீழ நின்னு கை தட்டுவேனா?"

அவள் பெண் சுண்டு, நாள் ஆகும் முன்னே உள்ளங்கை அளவில் பிறந்தவள். மாதக்கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். இப்போது நாலு வயசு, வீட்டை இரண்டாக்குகிறாள். ஆக, நாத்தனாரும் பெயர் கொடுத்துவிட்டாள். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு அடுப்படியிலேயே ஒத்துப் போகாதவர்கள் ஒரே கூடாரத்தில் படுக்கப் போகிறோமாம். கிழிஞ்சது போ.

ஏப்ரல் 2

வேலை முடிந்ததும் அடுக்குமாடியின் படிக்கட்டில் பயிற்சி. முதுகுப் பையில் தண்ணீர் பாட்டில்கள். லிஃப்டுக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ரிப்பேர் பண்றவங்களே படியில ஏறினா நாங்க இதை நம்பி எப்படிப் போறது?" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற மூன்று பேர் நிஜமாகவே படிக்கு வந்துவிட்டார்கள். நாளைக்கு மேனேஜர் என்னைப் பிடித்துக்கொள்வார்.

நாத்தனார் எனக்கு இரண்டு மாடி மேலே போய் நின்று கீழே எட்டிப் பார்க்கிறாள். "வாங்க அண்ணி, பொழுது விடிஞ்சுடும்!" மகாராணி.

ஏப்ரல் 19

இன்று சண்டை. ஊருக்கு வெளியே கல்குவாரி மேட்டில் கயிறு கட்டி நடக்கப் பழகினோம். நான் முன்னால், அவள் பின்னால். "கயிறைத் தளர்த்து" என்றேன். "சரி" என்றாள். "சரி வேண்டாம். திருப்பிச் சொல்லு" என்றேன். "என்னத்தைத் திருப்பிச் சொல்றது? நான் என்ன கிளியா?"

அவளுக்கு எப்படிப் புரியும்? லிஃப்ட் கேபின் தலையில் நின்று வேலை செய்யும்போது என் உயிர் மெஷின் ரூமில் சுவிட்சைப் பிடித்திருக்கிறவன் கையில். என் கூட்டாளி — குறட்டை காரணமாக அவனுக்கு மோட்டார் என்றே பெயர் — நான் "மேலே" என்றால் அவனும் "மேலே" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவான். "சரி" செல்லாது. காதில் விழாதவனும் சரி என்பான், தூங்கி வழிகிறவனும் சரி என்பான், வீட்டு ஞாபகத்தில் இருக்கிறவனும் சரி என்பான். சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்ல மட்டும் புத்தி அந்த இடத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் செய்தவர்கள் கை கால் போய்க் கற்ற பாடம் இது.

விளக்கிச் சொன்னேன். "சரி" என்றாள், வேண்டுமென்றே. சிரிப்பு வந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் வழிக்கு வந்தாள். மாலை வரை மேடெல்லாம் எங்கள் இரட்டைக் குரல்தான்.

மே 6

முட்டி. தைலம். முட்டி.

மே 23

பெரிய கட்டடத்தின் மொட்டை மாடியில் மெஷின் ரூம் வேலை. விடியும் முன்பே போயிருந்தேன். படியில்தான் ஏறினேன், ஒரு இடத்திலும் உட்காரவில்லை! கதவைத் திறந்து வெளியே வந்தால், ஊர் முழுவதும் காலடியில், விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. இத்தனை வருடம் இந்தக் கதவைத் திறந்து நேராக மோட்டாரைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தேனா?

இருதயம் காதுக்குள் அடித்தது. இதற்கே இப்படி என்றால் அங்கே எப்படி இருக்கும்? ஆசையை எழுதியே வைத்துவிடுகிறேன்: எனக்கு அந்த உச்சியில் நிற்க வேண்டும். வார்டுக்காகத்தான் பெயர் கொடுத்தேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன், பொய்யில்லை. ஆனால் உள்ளுக்குள் இருப்பது இதுதான். ஒரே ஒரு தடவை. தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல்.

ஜூன் 14

ஏறப் போகிற எல்லோரையும் குழந்தை டாக்டர் வார்டுக்குள் கூட்டிப் போனார். கை கழுவி, அங்கி மாட்டி, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு போனோம். ஒரு பெட்டிக்குள் — எப்படிச் சொல்வது — என் ஸ்பானரை விடச் சின்னதாக ஒரு கால். அதில் ஐந்து விரல். ஒவ்வொன்றிலும் நகம். இந்த நகத்தை யார் உட்கார்ந்து செய்தார்கள்? அம்மாடி! எனக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் இப்படிப் பார்க்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் போய்க் கையைப் பிடித்தேன், உதறவில்லை. "சுண்டு மூச்சு விடும், விடும், திடீர்னு நிறுத்திடும்" என்றாள். "மெஷின் கத்தறதுக்கு முன்னாடி நான் குதிகாலைத் தொடுவேன். உடனே ஞாபகம் வந்த மாதிரி மறுபடி விடும். எத்தனை ராத்திரி அண்ணி!" நாலு வருடத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லையே.

ஜூலை 30

பை கட்டியாயிற்று. பிரித்தாயிற்று. மறுபடி கட்டியாயிற்று. அவர் சுற்றிச் சுற்றி வருகிறார். "அவ துடுக்கு, நீ பிடிவாதம். ரெண்டு பேரும் முழுசா வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டு என் தைலத்தைப் பைக்குள் வைத்தார்.

ஆகஸ்ட் 5

பார்த்துவிட்டேன்.

வண்டி ஒரு வளைவில் திரும்பியது. மேகம் என்று நினைத்தேன். மேகம் நகர்ந்தது, அது நகரவில்லை. அதற்கு அப்புறம் வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. எங்கள் நாத்தனாரே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்.

அந்தப் படத்தை ஒட்டியவர்களைச் சும்மா விடக்கூடாது. கடலைச் சொம்பில் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 8

மெதுவாக ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிறோம். உடம்பு காற்றுக்குப் பழக வேண்டுமாம். எங்கள் வழிகாட்டி அளந்து பேசுகிறவர். பேசினால் ஒரே சொல், "மெதுவா." நாத்தனாருக்கு அந்தச் சொல்லே ஆகவில்லை. எப்போதும் முன்னால் போய் நிற்கிறாள். தடித்த உடம்பும் தேய்ந்த முட்டியுமாக நான் ஆமை போல வருகிறேன். ஆனால் எனக்குத் தலைவலி இல்லை, சாப்பாடு இறங்குகிறது. வழிகாட்டி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இந்த வயசில் ஒருவர் தலையாட்டினதுக்குப் பூரித்துப் போகிறேன், வெட்கக்கேடு.

ஆகஸ்ட் 9

பனியின் மேல் முதல் அடி. 'நறுக்'கென்றது. திரும்பிப் பார்த்தால் என் கால் தடம். அங்கே வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 12, மேல் முகாம்

கை விறைக்கிறது, எழுத்து கோணல். நாளை விடியும் முன் உச்சிக்கு.

இருட்டியதும் கூடாரத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். நட்சத்திரங்கள் தலைக்கு மேலே மட்டும் இல்லை, பக்கத்திலும் இருந்தன, கீழேயும் இருந்தன. அவ்வளவு இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே! அழுதேன். கண்ணீர் கன்னத்திலேயே குளிர்ந்தது.

உள்ளே நாத்தனார் தூங்குகிறாள். மூச்சு விடுகிறாள், விடுகிறாள், நிறுத்திவிடுகிறாள். ஒன்றுமில்லை. பிறகு ஒரு பெரிய இழுப்பு. இந்த உயரத்தில் எல்லோரும் தூக்கத்தில் இப்படித்தான் விடுவார்கள், பயப்படாதீர்கள் என்று வழிகாட்டி முன்னமே சொல்லியிருக்கிறார். நானும் அப்படித்தான் விடுவேனாம். தெரிந்தும் அவள் நிறுத்தும் போதெல்லாம் நானும் நிறுத்தினேன். ஒரு தடவை தாங்க முடியாமல் தூக்கப் பைக்கு மேலேயே அவள் குதிகாலைத் தொட்டேன். மூச்சு வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இவள் உட்கார்ந்திருந்த ராத்திரிகளில் நான் எங்கே இருந்தேன்? வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 13, கீழ் முகாம்

எழுதிவிட வேண்டும். நடந்தது நடந்தபடி.

இருட்டில் கிளம்பினோம். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் முன்னால் போகிறவர் குதிகால் மட்டும் தெரியும். ஒரே கயிற்றில் வழிகாட்டி, அவள், நான். நன்றாகத்தான் போனோம். அவள் முந்திக்கொண்டு போகாதது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, மகாராணி ஒரு வழியாகப் படிந்தாள் என்று! மடச்சி. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

தண்ணீர் குடிக்க நின்றோம். கிழக்கே வெளுத்தது. உச்சி தெரிந்தது. தூரத்தில் இல்லை, அதோ, இந்த முதுகு மேட்டைத் தாண்டினால் அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் கற்பனை செய்த மாதிரியே ஒன்றும் இல்லை.

அவளைப் பார்த்தேன். ஒரு கையில் உறை இல்லை. "உறையை மாட்டு" என்றேன்.

"சரி."

உறை மணிக்கட்டிலிருந்து தொங்கிக்கொண்டே இருந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்து, "கிளியே, திருப்பிச் சொல்லு" என்றேன்.

"சரி."

"தண்ணி குடிச்சியா?"

"சரி."

அவள் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். "உன் பொண்ணு பேர் என்ன?"

"சரி அண்ணி" என்று சிரித்தாள்.

வழிகாட்டியைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் அவளை நாலடி நேராக நடக்கச் சொன்னார், குடித்தவள் போலச் சாய்ந்தாள். மேலே காற்றுப் போதாமல் மூளை தடுமாறுகிறது, உடனே இறக்க வேண்டும், தாமதித்தால் ஆள் தங்காது என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் இறக்கறேன். நீங்க பின்னால வர்ற கயிறோட மேல போங்க. நல்லா இருக்கீங்க. கொஞ்ச தூரம்தான்."

ஒரு நொடி நான் உச்சியைத்தான் பார்த்தேன். மறைக்க மாட்டேன். போகலாம் என்று காலே நினைத்தது.

அதற்குள் அவள் பனியில் உட்கார்ந்துவிட்டாள். வழிகாட்டி தூக்கப் போனால் கையைத் தட்டிவிடுகிறாள், திட்டுகிறாள், யார் நீ என்கிறாள். நான் அவள் முகத்துக்கு நேரே குந்தினேன். கேபின் தலையிலிருந்து மோட்டாருக்குக் கொடுக்கும் குரலைக் கொடுத்தேன்.

"எழுந்திரு."

"சரி."

"சரி செல்லாது. எழுந்திரு."

எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அவள் திரும்பி வந்தாள். "எழு...ந்திரு." எழுந்தாள்.

"வலது கால்."

"வலது கால்."

"இடது கால்."

இப்படியே. ஒவ்வொரு அடிக்கும். வழிகாட்டி மேலிருந்து கயிற்றை இறுக்கிப் பிடிக்க, நான் அவளுக்கு முன்னால் பின்பக்கமாக இறங்கினேன், அவள் கண்ணை விடாமல். அவள் சொல் நின்றால் நானும் நிற்பேன். என் முட்டி என்ன ஆயிற்று என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அது அங்கே வாயே திறக்கவில்லை.

பாதிச் சரிவில் ஒரு இடத்தில் மூச்சு வாங்க நின்று, முதல் முறையாகத் திரும்பி முன்னே பார்த்தேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன் எழுந்திருந்தான். எங்களுக்கு முன்னால், மேகத்தின் மேல், நீல நிறத்தில் ஒரு பெரிய முக்கோணம் விழுந்து கிடந்தது. மலையின் நிழல். மேகத்தைத் தாண்டி, சமவெளியைத் தாண்டி, பூமி முடியும் இடம் வரைக்கும். அதன் நுனி தொடுவானத்தைத் தொட்டிருந்தது. எங்கே ஏறி நிற்க ஆசைப்பட்டேனோ அந்த உச்சி, எங்கள் காலடியிலிருந்து உலகத்தின் கடைசி வரை நீட்டிப் படுத்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதற்குள் நின்றிருந்தோம். நிழல் பார்க்கப் பார்க்கக் குறுகி எங்களை நோக்கி வந்தது. நான் எவ்வளவு சின்னவள்! அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

"பாருடி" என்றேன். "பாருடி" என்று திருப்பிச் சொன்னாள். அவள் கண் திறந்துதான் இருந்தது. அதற்குள் அவள் இல்லை.

கீழ் முகாமில் மலையேற்றக் குழுவின் டாக்டர் காத்திருந்தார். ஊசி, ஆக்சிஜன். சாயங்காலம் அவளாகவே தண்ணீர் கேட்டாள். சுண்டு பேரைக் கேட்டேன். "என்ன கேள்வி இது?" என்று சிடுசிடுத்தாள். அந்தச் சிடுசிடுப்புக்கு என் சொத்தை எழுதி வைக்கலாம்.

ஆகஸ்ட் 14

அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. கிளம்பினது ஞாபகம் இருக்கிறது, இங்கே கண் விழித்தது ஞாபகம் இருக்கிறது. நடுவில் வெள்ளை.

"நான் நல்லாத்தான் இருந்தேன்" என்றாள். "லேசாத் தலை சுத்தினது, அவ்வளவுதான். உங்களுக்கு முட்டி முடியல. அதை ஒத்துக்க மனசில்லாம என்மேல போட்டு இறக்கிட்டீங்க. எம் பொண்ணுக்காக நான் நிக்க வேண்டிய இடம் அண்ணி அது!" வழிகாட்டி எடுத்துச் சொன்னார். அவர் என் பக்கம் சாய்ந்து பேசுகிறாராம்.

எனக்கு முடியலையாம்! எனக்கா! அந்த உச்சி அதோ நின்னுச்சே, கை நீட்டினா எட்டற தூரத்துல நின்னுச்சே, நான் விட்டுட்டு வந்தேனே — யாருக்காக? வாயில வந்ததையெல்லாம் மென்னு முழுங்கிட்டேன். நோயாளிகிட்ட என்ன சண்டை.

ஆகஸ்ட் 29

வேலைக்குப் போகிறேன். லிஃப்ட் குழி, வடம், கிரீஸ். நாத்தனார் பேசுவதில்லை. அவர், "ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நான் எந்தப் பக்கம் பாத்து சாப்பிடறது?" என்கிறார். பாவம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

செப்டம்பர் 20

வார்டுக்குப் புதுப் பெட்டிகள் வந்துவிட்டன. உச்சியைத் தொட்டவர், தொடாதவர் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு நன்றி சொன்னார்கள். யாரோ கேட்டதற்கு நாத்தனார், "எங்க அண்ணிக்கு முடியல, அதனால திரும்பிட்டோம்" என்றாள், என் காதுபடவே.

சுண்டு என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்தக் குழந்தைக்கு முன்னால், உன் அம்மாவுக்கு உன் பேர்கூட மறந்து போயிருந்தது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "ஆமா, முட்டி" என்றேன்.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

அக்டோபர் 7

இன்று மாலை நாத்தனார் வந்தாள். தலை துவட்டாமல், நீச்சல் குளத்திலிருந்து நேரே. நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இன்னைக்கு ஒரு காலேஜ் பொண்ணு" என்றாள். "போட்டிக்குத் தயார் பண்றவ. மூச்சை அடக்கி தண்ணிக்கடியிலயே இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போனா. பாதியில கை நின்னுடுச்சு. கண்ணு திறந்திருக்கு, சிரிச்ச முகமா இருக்கு, ஆள் இல்ல. குதிச்சு இழுத்துப் போட்டேன். முழிச்சு என்ன கேக்கறா தெரியுமா?"

நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"'ஏன் மேடம் இழுத்தீங்க? நான் நல்லாத்தான் இருந்தேன். இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது'ங்கறா. சண்டை போடறா அண்ணி என்கிட்ட. அழுது சத்தியம் பண்றா. நான் அவளை நனைஞ்ச துணியோட கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அடுப்பை அணைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்தாள். நானும் முட்டியை மடக்கி எதிரே உட்கார்ந்தேன். அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் என்ன பண்ணினேன் அங்க?" என்று கேட்டாள். சொன்னேன். உறை தொங்கினதை, பனியில் உட்கார்ந்ததை, வழிகாட்டியைத் திட்டினதை. சுண்டு பேரைக் கேட்டபோது என்ன சொன்னாள் என்பதையும் சொன்னேன். முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். மூடின கைக்குள்ளிருந்தே, "நிறுத்தாதீங்க" என்றாள்.

இறங்கினதைச் சொன்னேன். திரும்பிப் பார்த்ததைச் சொன்னேன். நிழலுக்கு வந்தபோது கையை எடுத்துவிட்டாள்.

"எவ்வளவு பெருசு?"

"கண்ணு போற வரைக்கும். மேகத்து மேல. நாம ரெண்டு பேரும் அதுக்குள்ள."

"நான் பாத்தேனா?"

"கண்ணு தொறந்துதான் இருந்தது."

அவள் அழுதாள். நானும் அழுதேன். அவர் வேலையிலிருந்து வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியே போய்விட்டார். அவள் மூக்கை என் முந்தானையில் துடைத்தாள், தன்னுடையது ஈரமாக இருந்ததால்.

"இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி" என்றாள். "நிழல்லேர்ந்து."

சொன்னேன்.